ஒலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் ஹாக்கி நடுவராக நிற்பது அவ்வளவு கடினமா? தேர்ந்த நடுவர்களும் ஏன் தவறுகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்குக் காட்டப்பட்ட சிவப்பு அட்டையைச் சுட்டிக்காட்டி, உலகம் முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட நடுவர்களே இப்படித் தடுமாறலாமா என்று வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். நான் மன்னார்குடிக்கு அருகில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 26 ஆண்டுகள் குறுவட்டப் போட்டி முதல் மாநில அளவிலான பள்ளிப் போட்டி வரை விசில் ஊதியிருக்கிறேன். பன்னாட்டுப் போட்டி எதிலும் நடுவராக நின்றதில்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் நடந்தபோது, இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று மலேசியாவை வென்ற அந்தத் தொடரின் மூன்று நாள்களை அங்கே கழித்தேன். பெரும்பாலான நேரம் பந்தை விட்டுவிட்டு நடுவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பதில் ஒன்றுதான். ஹாக்கி நடுவரின் தீர்ப்பு விசிலில் பிறப்பதில்லை, அவர் நிற்கும் இடத்தில் பிறக்கிறது. விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் நம் மாவட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். பந்து வந்து சேருவதற்கு இரண்டு நொடி முன்பே சரியான இடத்தில் போய் நிற்கத் தெரிந்தவர்கள் மிகவும் குறைவு. உலக அளவிலான நடுவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது அந்த இரண்டு நொடிதான். அவர்கள் தவறும்போதும் பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறார்கள்.

கால்பந்தில் நடுவில் ஓடும் ஒருவரே தலைமை நடுவர். ஹாக்கியில் அப்படி ஒருவர் கிடையாது. 91.40 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் சம அதிகாரம் கொண்ட இருவர், எதிரெதிர்ப் பக்கக்கோடுகளை ஒட்டி இயங்குகிறார்கள். களத்தைப் பார்த்து நிற்கும்போது வலக்கைப் பக்கம் இருக்கும் பாதி அவரவருடைய பொறுப்பு. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினாலும் நடுவர்கள் மாறுவதில்லை. ஆட்டம் முடியும்வரை அந்தப் பாதியில் விழும் கோல், பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி தன் கோலருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு), பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எடுக்கும் அடி) எல்லாம் அந்த ஒருவர் கணக்குத்தான்.

இந்த வலப்பக்க ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஹாக்கியில் இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி மட்டையை, அதன் உருண்டையான பின்புறம் பந்தில் படாமல் ஆட வேண்டும். ஆகவே தாக்கி வருபவர் பந்தைத் தன் வலக்காலுக்கு முன்னால்தான் பெரும்பாலும் கொண்டுவருவார். நடுவர் அவருடைய வலப்பக்கத்தில் இருப்பதால் பந்தும் மட்டையும் நன்றாகத் தெரியும். ஆனால் அதே தாக்குதல் எதிர்ப்பக்க ஓரமாக, நாற்பது மீட்டருக்கு அப்பால் நடந்தால், தாக்குபவரின் உடலே இடதுபுறத்தில் நடப்பதை மறைத்துவிடும். தடுப்பவர் மட்டையைத் தட்டினாரா, பந்தைத் தட்டினாரா, தோளைக் கொடுத்து வழியை மறித்தாரா என்பதெல்லாம் பக்கக்கோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. கோட்டை விட்டு உள்ளே இறங்க வேண்டும். எப்போது இறங்குவது, எவ்வளவு தூரம் இறங்குவது என்பதற்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை.

எங்கள் ஊரில் வயலுக்கு நீர் பாய்ச்சுபவர்களுக்கு இது உடனே புரியும். வரப்பில் நண்டு வளை வைத்து நீர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் நிற்கிற வயல் பக்கம் நின்று எத்தனை நேரம் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் இறங்கி நின்றால்தான் ஓட்டை கண்ணில் படும். கண் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, கால் சேற்றில் இறங்க வேண்டும்.

நான் இறங்காத ஒரு நாளைச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட ஒரு ஐப்பசி மாதத்தில் பள்ளி மாணவர்களுக்கான இறுதி ஆட்டம். எங்கள் பகுதி களிமண், மழை பெய்தால் களத்தின் ஒரு மூலையில் கணுக்கால் அளவு நீர் நின்றுவிடும். அன்று சுண்ணாம்புக் கோடுகளும் பாதி கரைந்துபோயிருந்தன. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, கோலுக்கு முன்னால் இருக்கும், நாங்கள் 'டி' என்று சொல்லும் அரைவட்டத்துக்குள் பந்து வந்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நீர் இருந்ததால், பக்கக்கோட்டருகே உலர்ந்த மேட்டிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்க்கையில் தாக்கியவன் காலும் தடுத்தவன் காலும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. பந்து ஒரு காலில் பட்டதைப் பார்த்தேன், ஹாக்கியில் அது தவறு. தடுத்தவன் கால் என்று முடிவுசெய்து விசில் ஊதி, இரு கைகளையும் கோலை நோக்கி நீட்டினேன். எங்கள் பக்கத்தில் இன்னும் 'ஷார்ட் கார்னர்' என்றே சொல்லும் பெனால்டி கார்னருக்கான சைகை அது. "சார், என் கால்ல படல சார்" என்று அந்தப் பையன் இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொன்னால் அட்டை காட்டுவேன் என்றேன். அந்த வாய்ப்பில் கோல் விழுந்தது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது.

கோப்பை வாங்கிய பிறகு, கோல் அடித்த அணியைச் சேர்ந்த அந்தத் தாக்குதல் ஆட்டக்காரனே தனியாக வந்து, "சார், அது என் கால்லதான் சார் பட்டுச்சு" என்றான். அவன் வெள்ளைக் காலுறையில் பந்தின் அளவுக்குச் சேறு அப்பியிருந்தது. தோற்ற அணியின் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முடிவை மாற்ற வழியில்லை. எனக்கு விதி தெரியும், கண் பார்வையும் நன்றாக இருந்தது, யார் பக்கமும் சாயவில்லை. நான்கு மீட்டர் தள்ளி நின்றேன், அவ்வளவுதான்.

சென்னையில் நான் தேடியது அந்த நான்கு மீட்டரைத்தான். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போதே, அது திரும்பினால் எந்தப் பக்கமாக வரும் என்று கணித்து ஒவ்வொரு நடுவரும் பின்னோக்கி ஓடத் தொடங்கிவிடுவார். தன் பாதியில் பந்து இல்லாதவர் ஓய்வெடுப்பதில்லை. பந்துக்குப் பின்னால் நடப்பதை, ஒருவர் இன்னொருவர் மட்டையை அழுத்திப் பிடிப்பதை, இலவச அடிக்கு ஐந்து மீட்டர் விலகாமல் நிற்பதையெல்லாம் அவர் பார்த்து, காதுக்கருவி வழியாக இணை நடுவருக்குச் சொல்கிறார். 2009 முதல் இலவச அடியை எடுப்பவர் பந்தை வேறொருவருக்குத் தள்ளாமல் தானே ஓட்டிச் செல்லலாம் என்று விதி மாறியது. விசில் ஓய்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையை இறக்கும் நேரத்தில் நடுவர் அடுத்த இடத்துக்குப் பாதி தூரம் போயிருக்க வேண்டும்.

பெனால்டி கார்னரில் இது உச்சத்துக்குப் போகிறது. கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் பின்கோட்டுக்கு அப்பால் காத்திருப்பார்கள். கோல்கம்பத்திலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் வைத்த பந்தை ஒருவர் உள்ளே தள்ளுவார். பந்து தள்ளப்படும் முன் ஓடிவரும் தடுப்பாளர் நடுக்கோட்டுக்கு அனுப்பப்படுவார். அவருக்குப் பதிலாக வேறொருவர் வர முடியாது. பந்து 'டி'யை விட்டு வெளியே போனதா என்று பார்க்க வேண்டும். முதல் முயற்சி மட்டையை வீசி அடித்ததாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள், கோட்டைக் கடக்க வேண்டும். இழுத்துச் சுண்டும் டிராக் ஃபிளிக் என்றால் அந்த உயர வரம்பு இல்லை, ஆனால் ஆபத்தாக இருக்கக் கூடாது. ஐந்து மீட்டருக்குள் ஓடிவரும் தடுப்பாளரின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மீண்டும் பெனால்டி கார்னர். இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் தடுக்கும் அணிக்கு இலவச அடி. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் வரும் பந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரின் முழங்காலுக்கு ஒரு விரற்கடை மேலா கீழா என்பதைப் பொறுத்து ஆட்டமே திரும்பும். இத்தனையையும் களத்துக்குள் பின்கோட்டருகே நிற்கும் ஒருவர், பந்து தள்ளப்பட்டு அடிக்கப்படும் ஓரிரு நொடிகளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும். இணை நடுவர் 'டி'யின் மேல்முனையைப் பார்த்து உதவுவார், ஆனால் கை நீட்ட வேண்டியவர் இவர்தான்.

காணொளி வந்த பிறகு இந்தச் சுமை குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மைதான். பின்கோட்டிலிருந்து 23 மீட்டர் வரையிலான பகுதிக்குள் நடக்கும் கோல், பெனால்டி கார்னர், ஸ்ட்ரோக் முடிவுகளை எதிர்த்து அணிகள் மறுபார்வை கேட்கலாம். வாதம் சரியென்றால் அந்த உரிமை கையில் இருக்கும், தவறென்றால் போய்விடும். பள்ளிக் களத்தில் என் தவறைத் திருத்த அப்படி ஏதும் இருந்திருந்தால் என்று நான் ஏங்கியதுண்டு. காலில் பட்டதா, கோட்டைக் கடந்ததா என்ற கேள்விகளுக்குக் கேமரா நல்ல சாட்சி, ஏனென்றால் அது பல இடங்களில் நிற்கிறது.

பாரிஸில் எழுந்தது அத்தகைய கேள்வி அன்று. ரோஹிதாஸின் மட்டை எதிரணி ஆட்டக்காரரின் முகத்தருகே பட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது வேண்டுமென்றே வீசப்பட்டதா, ஓட்டத்தின் போக்கில் மட்டை பின்னால் வந்ததா என்பதுதான் கேள்வி. காட்சியை மெதுவாக ஓட்டும்போது, அரை நொடிச் செயல் ஐந்து நொடியாக நீள்கிறது. அந்த நீட்சியில் தற்செயலும் திட்டமிட்டதுபோலத் தோன்றும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மஞ்சள் அட்டையோடு நிறுத்தி, ஆட்டக்காரரை வெளியே அமர வைத்திருப்பேன் என்றே இன்றும் நம்புகிறேன். 17ஆம் நிமிடத்திலிருந்து பத்துப் பேரோடு ஆடி, 1-1 என்று நிறுத்தி, சமநிலையை முறிக்க நடக்கும் ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்ற அணியைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் ரோஹிதாஸுக்குத் தடை விதிக்கப்பட்டு, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றபோது வலித்தது. அந்தக் காலிறுதியின் நடுவர் பணி குறித்து ஹாக்கி இந்தியா முறைப்படி புகாரும் கொடுத்தது. எனினும் அந்த நடுவர்கள் நமக்கு எதிராகச் சாய்ந்தார்கள் என்று இணையத்தில் எழுதப்பட்டதை நான் ஏற்கவில்லை. மட்டை தலையில் படும் எந்த நிகழ்விலும் கடுமையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நடுவர்களிடம் வலுவாக இருக்கிறது, அதற்கு நியாயமும் உண்டு. பல் உடைந்த மாணவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்பதால் சொல்கிறேன்.

பன்னாட்டு நடுவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள், விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உடற்தகுதி ஓட்டத்தில் தேற வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நடுவர்களின் மேலாளரோடு அமர்ந்து தங்கள் முடிவுகளைக் காணொளியில் பார்க்க வேண்டும். அடுத்த ஆட்டம் கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தது. பெங்களூரைச் சேர்ந்த ரகுபிரசாத் லண்டன், ரியோ, டோக்கியோ ஒலிம்பிக்குகளில் நின்றவர். தம் நாட்டு அணி ஆடும் ஆட்டத்தில் நடுவர் நிற்பதில்லை என்பதால், இந்தியா இறுதிக்குப் போனால் இந்திய நடுவருக்கு இறுதி ஆட்டம் இல்லை. அப்படியோர் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டு வருபவர்களின் நேர்மையை எளிதில் சந்தேகிக்க எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது காலை வேளைகளில் எங்கள் பள்ளித் திடலில் ஆறு பேருக்கு நடுவர் பயிற்சி கொடுக்கிறேன், அவர்களில் இருவர் பெண்கள். முதல் மாதம் அவர்களிடம் விசில் கொடுப்பதில்லை. மாணவர்கள் ஆடுவார்கள், இவர்கள் ஓடி, நின்று, கையை மட்டும் காட்ட வேண்டும். ஒவ்வொரு முடிவின்போதும் அவர்கள் நின்ற இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு புள்ளி வைக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து புள்ளி புள்ளியாகப் போய், அங்கே நின்று, பந்து எங்கே இருந்தது என்று திரும்பிப் பார்க்கிறோம். மழைக்காலத்தில் நீர் நிற்கும் அந்த மூலையிலும் சென்ற வாரம் இரண்டு புள்ளிகள் விழுந்திருந்தன.