ஸ்டார் ட்ரெக் தொடர்களில் வரும் டாக்டர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

'வாயேஜர்' தொடரில் ராபர்ட் பிக்கார்டோ நடித்த ஹாலோகிராம் டாக்டர். ஏழு சீசன் ஓடியும் தனக்கென்று நிலையாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளாமலே இருந்தவர். எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள்.

ஏன் என்று சொல்ல மற்றவர்களையும் இழுக்க வேண்டியிருக்கிறது. பல எபிசோட்களின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தத் தொடர்களில் டாக்டர்களைத் திறமையை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. உடம்பின் மேல் ஒரு சின்னக் கருவியைக் காட்டினால் போதும், என்ன நோய் என்று தெரிந்துவிடும். எழுத்தாளருக்கு வேண்டுமென்றால் நோயாளி பிழைப்பார், வேண்டாமென்றால் இறப்பார். (1966-ல் தொடங்கிய முதல் தொடரில் டாக்டர் கையில் பளபளவென்று மின்னும் கருவிகளில் சில உண்மையில் உப்புக் குப்பிகள். உப்புக்கு அலையும் ஒரு ஜந்து வரும் எபிசோடுக்காக வாங்கினார்கள். பார்த்தால் உப்புக் குப்பி என்றே தெரியாத அளவுக்கு நவீனமாக இருந்ததால் மருத்துவக் கருவி ஆக்கிவிட்டார்கள்.)

நான் பார்ப்பது வேறு. விண்கப்பலில் கேப்டன் சொல்வதுதான் சட்டம். அதற்கு விதிவிலக்கு ஒரே ஆள்: உடல்நிலையையோ மனநிலையையோ காரணம் காட்டி, தலைமை மருத்துவர் கேப்டனையே பதவியிலிருந்து இறக்கலாம். எழுத்தில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறதே, கேப்டன் எதிரே நின்று 'முடியாது' என்று சொல்ல வேண்டிய நேரத்தில் இவர்கள் என்ன செய்கிறார்கள்? என் தராசு அதுதான்.

முதலில், முதல் தொடரின் டாக்டர் மெக்காய். டிஃபாரஸ்ட் கெல்லி இதற்கு முன் கௌபாய் படங்களில் வில்லனாக வந்துகொண்டிருந்தவர் என்றால் நம்புவது கஷ்டம். திட்டிக்கொண்டே மருந்துச்சீட்டு எழுதும் பழைய காலத்துக் குடும்ப டாக்டர் மாதிரி ஆள். 1967-ல் வந்த 'தி டெவில் இன் தி டார்க்' எபிசோடில் பாறை போன்ற ஒரு சிலிக்கான் உயிருக்குக் காயம். வைத்தியம் பார்க்கச் சொன்னால், "நான் டாக்டர், கொத்தனார் இல்லை" என்று பாய்கிறார். அப்புறம் போய் காங்கிரீட் குழைத்துப் பூசிக் காயத்தை ஆற்றிவிட்டு, மழைநாளைக்கூடக் குணப்படுத்திவிடுவேன் போலிருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்கிறார்.

மெக்காயை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். பேச்சில் அவர் எப்போதும் தோற்பார், ஊசியில் ஜெயிப்பார். 'தி டூம்ஸ்டே மெஷின்' எபிசோடில் டெக்கர் என்ற மேலதிகாரி, புத்தி பேதலித்த நிலையில், கேப்டன் கிர்க் இல்லாத நேரம் பார்த்துக் கப்பலைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அவர் தகுதியற்றவர் என்று இப்போதே சான்று தருகிறேன் என்கிறார் மெக்காய். பரிசோதித்த ஆவணம் கேட்பார்களே என்கிறார் பாதி வேற்றுக்கிரகவாசியான துணை அதிகாரி ஸ்பாக். பரிசோதிக்க நேரம் கிடைத்தால்தானே! அந்த அதிகாரம் அங்கேயே காற்றில் போய்விடுகிறது. ஆனால் 'அமோக் டைம்' எபிசோடில் கிர்க்கும் ஸ்பாக்கும் சாகும்வரை சண்டை போட வேண்டும் என்ற நிலை வந்தபோது, மூச்சுவிட உதவும் மருந்து என்று பொய் சொல்லி கிர்க்குக்கு மயக்க ஊசி போட்டு, செத்தது போல் ஆக்கிக் காப்பாற்றுகிறார். 'தி எம்பாத்' எபிசோடில் சித்திரவதைக்கு ஒருவர் போயாக வேண்டும். கிர்க்குக்கு ஓர் ஊசி. அடுத்த பொறுப்பு ஸ்பாக்குடையது என்று ஆனதும் அவருக்கும் ஓர் ஊசி. இரண்டு பேரும் தூங்க, தானே போய் நிற்கிறார். இப்படிப்பட்டவரை எப்படிப் பிடிக்காமல் போகும்? ஸ்பாக்கின் பச்சை ரத்தத்தையும் காதையும் வைத்து அவர் அடிக்கும் கிண்டல்களில் பாதி இன்று கேட்க நெருடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1986-ல் வந்த நான்காவது படத்தில் அவர் இருபதாம் நூற்றாண்டு சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரிக்குள் போகும் காட்சியை அலுக்காமல் பார்ப்பேன். டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து இதென்ன இருண்ட காலமா என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் பாட்டிக்குப் புதுச் சிறுநீரகமே முளைத்துவிடுகிறது. ஐந்தாவது படத்தை யாரும் மதிப்பதில்லை, நியாயம்தான். ஆனால் அதிலும் மெக்காய்க்கு ஒரு கனமான காட்சி உண்டு. தீராத வலியில் கிடந்த அப்பா கெஞ்சியதால் அவருடைய உயிர்காக்கும் கருவியை மெக்காயே நிறுத்துகிறார். சில காலத்திலேயே அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படுகிறது. அத்தனை எரிச்சலுக்கும் அடியில் இருப்பது இதுதானா என்று தோன்றும்.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் பெவர்லி க்ரஷர் (கேட்ஸ் மெக்ஃபேடன்) பலருக்கும் சப்பென்று தெரிவார். எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்த வேலை அப்படி. ஆனால் வாதத்தில் இவரை அடிக்க ஆளில்லை. 'சிம்பயாசிஸ்' எபிசோடில் ஒரு கிரகத்தார் கொள்ளைநோய்க்கு மருந்து என்று நம்பித் தலைமுறை தலைமுறையாக வாங்கிச் சாப்பிடுவது உண்மையில் வெறும் போதைப்பொருள். நோய் எப்போதோ போய்விட்டது. விற்கும் கிரகத்துக்கு இது தெரியும், சொல்வதில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்கிறார் க்ரஷர். மற்ற சமூகங்களின் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்ற விதியைக் காட்டி மறுக்கிறார் கேப்டன் பிக்கார்ட். க்ரஷர் பொருமுகிறார், ஆனால் கட்டுப்படுகிறார். அவரிடம் எனக்கிருக்கும் குறை அதுதான்: சரியானதைச் சொல்வார், பிறகு உட்கார்ந்துவிடுவார்.

அதை ஈடுகட்டுவது 1992-ல் வந்த 'எதிக்ஸ்'. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வார்ஃபின் முதுகெலும்பு நொறுங்கிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ரசல் என்ற ஆராய்ச்சியாளர், இன்னும் யார்மீதும் சோதிக்காத ஒரு சிகிச்சையை அவரிடம் முயன்று பார்க்கத் துடிக்கிறார். அதே ரசல் ஏற்கெனவே ஒரு நோயாளிக்கு வழக்கமான மருந்து இருக்கும்போது தன்னுடைய சோதனை மருந்தைக் கொடுத்து, அவர் இறந்திருக்கிறார். கடைசியில் வார்ஃப் பிழைத்துவிடுகிறார். நல்லபடியாக முடிந்ததே, கைகுலுக்கிவிட்டுப் போவோம் என்று க்ரஷர் விடவில்லை. சூதாடினாய், இந்த முறை நோயாளி ஜெயித்துவிட்டார், எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். முடிவு நன்றாக வந்தால் வழியும் சரியாகிவிடாது என்று இவ்வளவு கறாராகச் சொன்ன காட்சிகள் இந்தத் தொடர்களில் குறைவு.

இரண்டாம் சீசனில் மட்டும் வந்த புலாஸ்கியை அதிகம் பேசப் போவதில்லை. டேட்டா என்ற ரோபோவின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, அதனால் என்ன என்று கேட்டவர். மெக்காயின் முரட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டு பாசத்தை விட்டுவிட்டார்கள்.

'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் ஜூலியன் பஷீரை முதல் சீசனில் எனக்குக் கண்டாலே ஆகாது. போரில் நொந்துபோன பஜோர் கிரகத்துப் பெண்ணிடமே போய், இந்த வனாந்தரத்தில் மருத்துவம் பார்ப்பது எவ்வளவு சாகசம் என்று பூரிக்கும் பையன். சூடானில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அலெக்சாண்டர் சித்திக் அந்தப் பையனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளாக்கிய விதம் அழகு. 'தி குவிக்கனிங்' (1996) என்ற எபிசோடை மட்டும் பார்த்தால்கூடப் போதும். எதிரிகள் தண்டனையாகப் பரப்பிய ஒரு நோயால் ஒரு கிரகமே பிறவியிலிருந்து செத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மருத்துவர் என்றால் வலியில்லாமல் சாக உதவுபவர். பஷீர் ஒரு வாரத்தில் மருந்து கண்டுபிடிக்கும் நம்பிக்கையோடு இறங்குகிறார். அவருடைய கருவிகளின் மின்காந்த அலையே நோயை முற்றவைத்து, நம்பி வந்த நோயாளிகள் துடித்துச் சாகிறார்கள். மருந்து இருக்கிறது என்று நினைத்தது என் ஆணவம் என்று அவர் இடிந்துபோக, உன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்காக மருந்தே இல்லை என்று நினைப்பது அதைவிடப் பெரிய ஆணவம் என்கிறார் கூட வந்த சக அதிகாரி டாக்ஸ். கடைசிவரை மருந்து கிடைப்பதில்லை. பிறக்கப்போகும் குழந்தைகளைக் காக்கும் தடுப்பு மருந்து மட்டும் கிடைக்கிறது. ஊரே கொண்டாடினாலும், தன் விண்வெளி நிலையத்துக்குத் திரும்பிய பிறகும் அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, என் தராசில் பஷீர் எப்படி? 'இன் தி பேல் மூன்லைட்' எபிசோடில் கேப்டன் சிஸ்கோ ஆபத்தான ஒரு மருத்துவப் பொருளைக் கேட்கிறார், காரணம் சொல்ல மறுக்கிறார். எழுத்தில் கொடுங்கள், நான் எதிர்ப்பையும் பதிவு செய்வேன் என்கிறார் பஷீர். பிறகு கொடுத்துவிடுகிறார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி புரியும். தப்பில்லை, ஆனால் போதுமா?

'என்டர்பிரைஸ்' தொடரின் ஃப்ளாக்ஸ் விஷயத்தில் எல்லாமே தலைகீழ். ஜான் பில்லிங்ஸ்லி நடிப்பு தேன். அட்டை, வௌவால், விலாங்கு என்று ஒரு மிருகக்காட்சிசாலையையே வைத்து வைத்தியம் பார்க்கும், மூன்று மனைவிகள் உள்ள (அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று கணவர்கள்) உற்சாகமான ஆள். ஆனால் 2002-ல் வந்த 'டியர் டாக்டர்' எபிசோடுக்கு என்னிடம் மன்னிப்பே கிடையாது. ஒரு கிரகத்தில் வாலாக்கியர், மெங்க் என்று இரண்டு இனங்கள். வாலாக்கியர் மரபணுக் கோளாறால் அழிந்துகொண்டிருக்கிறார்கள். ஃப்ளாக்ஸ் மருந்தைக் கண்டுபிடிக்கிறார். கேப்டன் ஆர்ச்சர் கொடுக்கலாம் என்கிறார். டாக்டர் வேண்டாம் என்கிறார்! மெங்க் இனம் வளர்ந்துகொண்டு வருகிறது, இயற்கை எடுத்த முடிவில் தலையிடக்கூடாது என்பது வாதம். ஆர்ச்சரும் கடைசியில் ஒத்துக்கொண்டு, அறிகுறிகளைத் தணிக்கும் மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பரிணாமத்துக்கு முன்கூட்டிய திட்டம் எதுவும் கிடையாது. நாளை யார் அறிவாளி ஆவார்கள் என்று கணக்குப் போட்டு இன்று சாகிறவரை விட்டுவிடுவதற்குப் பெயர் மருத்துவமும் இல்லை, அறிவியலும் இல்லை. ஒரு டாக்டர் கேப்டனிடம் 'முடியாது' என்று சொல்லி ஜெயித்தார், அது இதற்காகவா என்று இருக்கும்.

புதிய தொடர்களில் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் ம்பெங்கா நன்றாக வளர்ந்து வருகிறார். போரில் கொலைகாரனாகவும் இருந்த டாக்டர் என்ற கோணம் புதிது. 'டிஸ்கவரி'யின் கல்பருக்குக் கதை அளவுக்கு ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை.

இனி என் ஆள். 1995-ல் வாயேஜர் கப்பல் 70,000 ஒளியாண்டு தூரத்துக்கு வீசப்படும்போது நிஜ டாக்டர் இறந்துபோகிறார். அவசரத்துக்கு ஓடவிடும் ஒரு கணினி நிரல்தான் அதன்பின் கப்பலின் ஒரே மருத்துவர். ஆரம்பத்தில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளக்கூட அவரால் முடியாது. ஆட்கள் வேலை முடிந்ததும் அவரை அப்படியே நிறுத்திவிட்டுப் போவார்கள், அல்லது பேச்சின் நடுவே அணைத்துவிடுவார்கள். அவர் முதலில் கேட்டுப் பெறும் உரிமையே சுவிட்ச் தன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

அப்படிப்பட்டவர் கேப்டன் ஜேன்வேயிடம் மறுப்பு சொல்கிறார். 'டூவிக்ஸ்' (1996) எபிசோடில் ஒரு விபத்தில் டூவாக், நீலிக்ஸ் என்ற இரண்டு பேர் கலந்து புதிதாக ஒருவர் உருவாகிறார். அவரைப் பழையபடி இருவராகப் பிரிக்க வழி கிடைக்கிறது. அவரோ உயிரோடு இருக்க ஆசைப்படுகிறார், அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுகிறார். கப்பலில் யாரும் வாய் திறப்பதில்லை. நோயாளியின் விருப்பத்துக்கு மாறாக அவர் உயிரை எடுக்க மாட்டேன் என்று சொல்வது அந்தக் கணினி நிரல் மட்டும்தான். கேப்டனே கையால் செய்து முடிக்கிறார். ஜேன்வே செய்தது சரியா என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். டாக்டர் செய்தது தவறு என்று யாராவது சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

மெக்காய் மறுத்தால் கிர்க் கோபப்படுவார், அவ்வளவுதான். இவர் மறுத்தால் இவரையே திருத்தி எழுதலாம். அதுதான் 'லேட்டன்ட் இமேஜ்' (1999). ஒரே காயத்தோடு இரண்டு பேர் வருகிறார்கள், ஒருவரைக் காப்பாற்றத்தான் நேரம். பிழைக்கும் வாய்ப்பு இருவருக்கும் சமம். அவர் நண்பன் ஹாரி கிம்மைத் தேர்ந்தெடுக்கிறார், ஜெட்டல் என்ற பெண் இறந்துபோகிறாள். நண்பன் என்பதால்தான் தேர்ந்தெடுத்தேனா என்ற கேள்வியில் சுற்றிச் சுற்றி நிலைகுலைந்துபோகிறார். கேப்டன் அந்த நினைவையே அழித்துவிடுகிறார். பின்னால் அவர் அதைக் கண்டுபிடிக்கும்போது மறுபடியும் அழிக்கப் பார்க்கிறார்கள். கப்பலில் இருக்கும் செவன் என்ற பெண் வந்து எதிர்த்து வாதாடிய பிறகுதான் அவரை அந்தத் துயரத்தோடு இருக்கவிடுகிறார்கள். முறைவைத்து ஆட்கள் அவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜேன்வே தன் முறையில் கண்ணயர்கிறார். பல நாளாகத் தனக்குள்ளேயே புலம்பிக்கொண்டிருந்தவர், அவருக்குக் காய்ச்சல் அடிப்பதைக் கவனித்து, போய்ப் படுங்கள் என்கிறார். நோயாளி ஒருத்தர் எதிரே இருக்கிறார் என்றதும் டாக்டர் திரும்பி வந்துவிடுகிறார். இந்தத் தொடர்களிலேயே எனக்குப் பிடித்த மருத்துவக் காட்சி அதுதான், ஒரு கருவிகூட இல்லை.

அவர் புனிதர் எல்லாம் கிடையாது. தற்பெருமை ஜாஸ்தி, ஓபரா பாடிக் கொல்வார். 'கிரிட்டிக்கல் கேர்' எபிசோடில், சமூகத்துக்கு எவ்வளவு பயன் என்று கணினி மதிப்பெண் போட்டு மருந்து பங்கிடும் ஒரு ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டு, அதன் நிர்வாகிக்கே நோயை ஏற்றி மிரட்டிக் காரியம் சாதிக்கிறார். கப்பலுக்குத் திரும்பியதும் தன் அறநெறி நிரல் பழுதாகிவிட்டதா என்று செவனைப் பரிசோதிக்கச் சொல்கிறார். பழுதில்லை என்ற பதில் அவருக்கு நிம்மதியைத் தரவில்லை.

பிடித்தவர் யார் என்று கேட்டதால் இந்தப் பதில். உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் காட்டுவாய் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் க்ரஷர் என்றிருப்பேன். ஃப்ளாக்ஸிடம் மட்டும், என் பரம்பரைக்கு எதிர்காலம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளாமல் சட்டைக் கையைச் சுருட்ட மாட்டேன்.