தி பன்ச்: ரம், எலுமிச்சை, கரும்புப் பாகு மூன்றும் சரியாகச் சேர என்ன செய்ய வேண்டும்?

உங்கள் அளவைக் கேள்வியிலேயே தந்திருக்கிறீர்கள்: ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 25 மி.லி., சர்க்கரைப் பாகு 20 மி.லி., நிறைய ஐஸ், நன்றாகக் குலுக்கல். "பிரான்சின் கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் குடிக்கும் தி பன்ச் என்று செய்தேன், புளிப்புதான் முன்னால் நிற்கிறது, எங்கே பிசகு?" என்று கேட்கிறீர்கள்.

அந்த அளவில் நீங்கள் செய்தது தி பன்ச் இல்லை, கியூபாவின் டைக்கிரி. இரண்டுக்கும் பொருள்கள் ஒன்றுதான் என்பதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. டைக்கிரியில் எலுமிச்சைச் சாறு பாதி வேலை செய்கிறது. தி பன்ச்சில் சாறு கால் தேக்கரண்டி, அரைத் தேக்கரண்டிக்கு மேல் போவதில்லை. அங்கே எலுமிச்சையை எடுப்பது அதன் தோலுக்காக. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரு தம்ளருக்கு அளவு: வெள்ளை ரம் 50 மி.லி., கரும்புப் பாகு ஒரு தேக்கரண்டி (5 மி.லி.), எலுமிச்சையில் சீவிய வட்டத் துண்டு ஒன்று. அவ்வளவே. குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளின் கடைகளில் இதைச் "சே-எர்-எஸ்" என்று கேட்பார்கள். எலுமிச்சை, ரம், சர்க்கரை ஆகியவற்றின் பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகள். "தி" என்பது சின்ன என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம், அந்தத் தீவுகளின் பேச்சுமொழியான கிரியோலில்.

முதலில் ரம். உலகில் பெரும்பாலான ரம் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருகிறது. மார்ட்டினிக் ரம் அப்படியல்ல. வெட்டிய கரும்பைப் பிழிந்து, அந்தச் சாற்றையே புளிக்கவைத்து வடிக்கிறார்கள். ரம் அக்ரிகோல் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகி, கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தபோது, சர்க்கரை காய்ச்சிக் கட்டுப்படியாகாத பண்ணைகள் சாற்றை நேராக வடிக்கத் தொடங்கின. 1853 முதல் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். 1996இல் மார்ட்டினிக் ரம்முக்குப் பிரான்சின் ஏ.ஓ.சி. தகுதி கிடைத்தது. நம் புவிசார் குறியீட்டைப் போன்றது. ஆனால் கரும்பு எங்கே விளைய வேண்டும், எப்படி வடிக்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு.

கரும்பு ஜூஸ் கடையில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் ஒரு பச்சை வாசனை வருமே, புல்லும் ஈர மண்ணும் கலந்தாற்போல, அதுதான் இந்த ரம்மின் உயிர். நெய்ஸோன், க்ளெமோன், ஜே.எம்., டாமுவாஸோ என்று எந்த பிராண்டானாலும் 50 சதவீத ஆல்கஹால் உள்ள வெள்ளை ரம்மாக எடுங்கள். 55 சதவீதத்திலும் கிடைக்கும். குவாதலூப்பைச் சேர்ந்த மரி-கலாந்த் தீவில் 59 சதவீதம் சகஜம். 40 சதவீத ரம் இதற்குக் கொஞ்சம் தளர்ந்துவிடும். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் நீரில் கரையாது, ஆல்கஹாலில்தான் கரையும். ரம் அக்ரிகோல் கிடைக்காவிட்டால் பிரேசிலின் கஷாசா பக்கத்தில் வரும், அதுவும் கரும்புச் சாற்றில் வடித்ததே. ஓல்ட் மங்க் போன்ற கருப்பு ரம்மில் இதே முறையில் செய்தால் குடிக்க நன்றாக இருக்கலாம், ஆனால் அந்தப் பச்சை வாசனைக்கு வழியே இல்லை. அதற்குத் தி பன்ச் என்ற பெயர் பொருந்தாது.

பாகு வீட்டிலேயே செய்யலாம். பழுப்பு நிறக் கரும்புச் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மி.லி. மிதமான தீயில் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் நீர் வற்றிப் பாகு கம்பிப் பதத்தை நோக்கிப் போகும். ஆறியதும் பாட்டிலின் அடியில் கற்கண்டாகக் கட்டிக்கொள்ளும். சரியாக வந்தால் ஏறக்குறைய 225 மி.லி. தேறும், ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். நாட்டுச்சர்க்கரையிலும் செய்யலாம், ஆனால் துணியில் வடிகட்டியாக வேண்டும். அதன் வெல்ல வாசனை ரம்மை மூடிவிடும் என்பதால் எனக்கு அது அரை மனசுதான். வெள்ளைச் சர்க்கரைப் பாகு இனிக்கும், வேறொன்றும் தராது.

இனி எலுமிச்சை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையே இதற்கு நல்ல பழம். மஞ்சளாகப் பழுத்ததைவிடப் பச்சை மாறாமல், தோல் இறுக்கமாக, கையில் கனமாக இருப்பதைப் பாருங்கள். மெழுகு பூசிய பழமானால் வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும். பழத்தை நேராக நிறுத்தி, நடுத்தண்டைத் தொடாமல், பக்கவாட்டில் ஒரே வெட்டு. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம் கிடைக்கும்: ஒருபுறம் தோல், மறுபுறம் மெல்லிய சதை. ஒரு பழத்தில் இப்படி நான்கு துண்டு எடுக்கலாம். குறுக்கே வட்டம் வட்டமாக அரிந்தால் நடுத்தண்டும் விதையும் கூடவே வரும். கசப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

துண்டைப் பிழிவதிலும் வரிசை இருக்கிறது. தோல் தம்ளரைப் பார்த்திருக்கும்படி கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒருமுறை அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் புகை மாதிரி நுண்துளிகள் தெறிப்பது தெரியும், அதுதான் எண்ணெய். பிறகு திருப்பிப் பிடித்து, சதையிலிருக்கும் நாலு சொட்டுச் சாற்றைப் பிழிந்து, துண்டையும் தம்ளருக்குள் போடுங்கள். அதன்மேல் பாகு. ரம் கடைசியில்.

ரம்மை ஊற்றுமுன் பாகையும் சாற்றையும் கலக்கிவிடுவது முக்கியம். சர்க்கரை ஆல்கஹாலில் எளிதில் சேராது. கெட்டிப் பாகை நேராக 50 சதவீத ரம்மில் விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாய் எரியும், கடைசி வாய் திகட்டும். அங்கே இதற்கென்றே புவா லெலே என்றொரு குச்சி உண்டு. ஒரு மரத்தின் கிளை நுனியில் இயற்கையாகவே நட்சத்திரம்போல் கிளைத்திருக்கும் காம்புகளை ஒட்ட நறுக்கி எடுப்பார்கள். நம் கீரை மத்தைப்போல இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் சின்னக் கரண்டியால் இருபது சுற்று போதும். துண்டை நசுக்கக் கூடாது. நசுக்கினால் தோலுக்கும் சதைக்கும் இடையே உள்ள வெள்ளைப் பகுதி கசப்பை விடும். கலந்த பின் அரைமணி நேரம் அப்படியே வைத்தாலும் அதே கசப்பு வரும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் குடிக்க ஆகும் என்றால் துண்டை எடுத்துவிடுங்கள்.

ஐஸ் மரபில் இல்லை. குளிர்ந்தால் வாசனை அடங்கும், உருகினால் நீர்த்துப்போகும். வெயிலுக்கு வேண்டும் என்றால் ஒரே ஒரு கட்டி, எல்லாம் கலந்த பிறகு. முதலிலேயே போட்டால் பாகு குளிரில் இறுகி ஐஸோடு ஒட்டிக்கொள்ளும்.

இதன் வீரியத்தைத் தெரிந்துகொண்டு ஊற்றுங்கள். 50 மி.லி.யில் 25 மி.லி. சுத்த ஆல்கஹால். நம் நாட்டில் விற்கும் 42.8 சதவீத ரம்மின் 60 மி.லி. லார்ஜில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் அதைச் சோடா ஊற்றி நீட்டுகிறோம், இதை அப்படியே குடிக்கிறோம். சாப்பாட்டுக்கு முன், உப்புக் கருவாட்டு மீனில் பொரிக்கும் அக்ரா வடையோடு, ஒன்றை மெதுவாகப் பருகுவதே அங்கத்திய வழக்கம். விருந்தாளிக்குக் கலந்து நீட்ட மாட்டார்கள். பாட்டில், பாகு, எலுமிச்சை, கத்தி எல்லாம் மேஜைக்கு வரும். "அவரவர் சாவை அவரவரே தயார் செய்துகொள்ளட்டும்" என்று ஒரு சொலவடையே இருக்கிறது. ஆகவே மேலே சொன்ன ஒரு தேக்கரண்டிப் பாகு தொடக்கப் புள்ளி மட்டும். 55 சதவீத ரம்முக்கு ஒன்றேகால் தேக்கரண்டி கேட்கும், சிலர் அரையோடு நிறுத்துவார்கள்.

வெள்ளை ரம்மில் கை பழகிய பிறகு, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்த ரம் வியூவில் செய்து பாருங்கள். அதற்குத் தி வியூ என்று பெயர். பாகை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, எலுமிச்சையில் தோலை மட்டும் பிழிந்து, சாறு ஒரு சொட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாறு பட்டால் மரத்தின் வாசனை முதலில் போய்விடும்.