கையெழுத்துப் போட மறுத்தால் என் குடும்பம் என்னாவது?

கேள்வி: ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். வந்து சேராத சரக்கை வந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேனேஜர். மறுத்தால் வேலை போய்விடும். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘சிலுவையைச் சுமக்கத் தயங்காதே’ என்கிறார் எங்கள் போதகர். ‘உங்க நியாயத்துக்கு எங்களைப் பலி கொடுப்பீங்களா?’ என்கிறாள் மனைவி. வேலையை உதறுவதுதான் தியாகமா?
– ஒரு வாசகர்

பதில்: போதகர் சொன்னது தப்பில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அவருடைய சம்பளம் நிற்கப்போவதில்லை. பதில் வேண்டியது உங்கள் மனைவியின் கேள்விக்கு.

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்று ஓர் ஆஸ்திரிய விவசாயி. இளவட்டத்தில் அடிதடிக்குப் பேர்போனவர், ஊரிலேயே முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வூர் ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில் பிள்ளையானார். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த ஊரில் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். 1943 பிப்ரவரியில் ராணுவம் அழைத்தது. இது அநியாயமான யுத்தம், ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றார். குடும்பத்தை நினைத்துப்பார் என்று பிஷப்பே புத்தி சொல்லியிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டிக் கொன்றார்கள். மூன்று பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயது நிரம்பவில்லை.

இந்தக் கதையில் பிரசங்கங்களில் விடுபட்டுப்போகும் ஒரு விஷயம் உண்டு. அவர் சாவைத் தேடிப் போகவில்லை. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவில் போடுங்கள், வேலை செய்கிறேன் என்று கேட்டார். அவர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சிலுவைக்கு முந்தைய இரவு கெத்செமனே தோட்டத்தில் ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்’ என்று ஆண்டவர் இயேசுவே கேட்டாரே. கல்லெறிய வந்தவர்களிடமிருந்து அவர் விலகிப்போனதும் யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. தப்பிக்க நேர்மையான வழி இருந்தால் அதைப் பிடிப்பது கோழைத்தனம் ஆகாது. தப்பிப்பதற்காகப் பொய் எழுதுவதுதான் கூடாது.

அப்புறம் அவர் மனைவி ஃபிரான்சிஸ்கா. முதலில் அவரும் தடுத்துத்தான் பார்த்தார். பிறகு, தானும் எதிர்த்தால் கணவருக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று கூட நின்றார். போர் முடிந்த பிறகும் ஊர் அவரைத்தான் ஏசியது. 1950 வரை விதவைப் பென்ஷன்கூடக் கொடுக்கவில்லை. 2007இல் லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தபோது, 94 வயதில் அங்கே இருந்தார். என்னைக் கேட்டால், அந்தப் பட்டத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டும். பாரத்தைச் சுமக்கப்போகிறவளிடம் முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வது தியாகமல்ல, அதிகாரம்.

உங்கள் மேனேஜர் ஹிட்லர் இல்லை. எனவே நீங்களாக வேலையை உதற வேண்டாம். அந்த ஒரு கையெழுத்தை மட்டும் மறுங்கள். ‘சரக்கு வரட்டும் சார், உடனே போட்டுத் தருகிறேன்’ என்று சத்தம் போடாமல் சொல்லுங்கள். ரிஜிஸ்டரில் வந்ததை மட்டும் எழுதுங்கள். வேறு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றால் போங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், மனைவியோடு உட்கார்ந்து பாஸ்புக், நகை, கடன், பிள்ளைகளின் பீஸ் எல்லாவற்றையும் கணக்குப் போடுங்கள். வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதை அவரே சொல்லட்டும். பி.எஃப். கணக்கில் பணம் ஒழுங்காக ஏறுகிறதா என்றும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.