சிமிலிபாலின் கறுப்புப் புலிகள்: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் மட்டும் கறுப்புப் புலிகள் இத்தனை இருக்கக் காரணம் என்ன? அது தனி இனமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தனி இனமில்லை, நம் வங்கப் புலியேதான். கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் முதுகு கறுப்பாகத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் இடையில் மஞ்சள் கீற்றுகள் தென்படும். டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான் காரணம் என்று 2021-ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்.சி.பி.எஸ்.) உமா ராமகிருஷ்ணன் குழு கண்டறிந்தது. மாறிய பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஒரு பிரதி மட்டும் வந்தால் பார்வைக்குச் சாதாரணப் புலிதான்.

ஒடிசா அரசின் 2023-24 கணக்கெடுப்பில் சிமிலிபாலின் 27 வளர்ந்த புலிகளில் 13 கறுப்பு. வெளிப்புலி வந்து சேராமல், சில புலிகளின் வாரிசுகளே தமக்குள் இணைசேர்ந்தால் அபூர்வமான பிரதி இப்படித்தான் பெருகும். கறுப்பு நிறம் புலிக்குக் கெடுதல் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் அதே வழியில், கண்ணுக்குத் தெரியாத கெட்ட பிரதிகளும் பெருகலாம். கவலை அதுதான். சுற்றுலாப் பயணிக்கு அது அதிசயம். எங்களுக்கு அது எச்சரிக்கை.

கேள்வி: புலியைப் பிடிக்காமல் அதன் டி.என்.ஏ.வை எப்படி எடுக்கிறார்கள்? (கோவை வாசகர்)

பதில்: எச்சத்திலிருந்து, அதாவது புலியின் மலத்திலிருந்து. குடலிலிருந்து உரிந்த செல்கள் எச்சத்தின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அதனால் உள்ளே கிளறாமல் மேலே பஞ்சுக்குச்சியால் துடைத்து, டி.என்.ஏ. சிதையாமல் காக்கும் திரவத்தில் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. வெயிலும் மழையும் பட்ட எச்சத்தில் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

ஆய்வகத்தில் முதல் வேலை, அது புலியுடையதா, சிறுத்தையுடையதா என்று பார்ப்பது. இரண்டின் எச்சமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிறகுதான் தனிப் புலியை அடையாளம் காண்பது. இதில் ஒரு பொறி உண்டு: டி.என்.ஏ. குறைவாக இருந்தால் இரு பிரதிகளில் ஒன்று சோதனையில் விட்டுப்போகும். அப்போது ஒரே புலியின் இரு எச்சங்கள் வேறுவேறாகத் தெரிந்து, அது இரண்டு புலியாகக் கணக்கில் ஏறிவிடும். உள்ளினச் சேர்க்கையும் (நெருங்கிய உறவுப் புலிகள் தமக்குள் இணைசேர்வது) உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதனால்தான் ஒரே எச்சத்தில் எடுத்ததைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

கேள்வி: வெளியிலிருந்து புலியைக் கொண்டுவந்து விட்டால் சரியாகிவிடுமா? (மதுரை வாசகர்)

பதில்: விட்டால் போதாது, தங்க வேண்டும், குட்டி போட வேண்டும். 2024-ல் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்திலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண் புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். பெண்ணைத் தேர்ந்ததில் நியாயம் உண்டு. புது ஆண் வந்தால் உள்ளூர் ஆணோடு எல்லைச் சண்டை வரலாம். ஜீனத்தோ, திறந்துவிட்ட சில நாட்களில் ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கம் போய்விட்டது. டிசம்பர் 29 அன்று பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ரேடியோ பட்டை இருந்ததால் பின்தொடர முடிந்தது.

இதே ஒடிசாவில், சட்கோசியா புலிகள் காப்பகத்துக்கு 2018-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஆண் புலி மகாவீர் அதே ஆண்டு நவம்பரில் கண்ணியில் சிக்கி இறந்தது. மக்கள் எதிர்ப்பைச் சந்தித்த பெண் புலி சுந்தரி 2021-ல் திருப்பி அனுப்பப்பட்டது. மரபணுக் கணக்கு எத்தனை சரியாக இருந்தாலும், கண்ணிகளை அகற்றாமலும் ஊராரிடம் பேசாமலும் கூண்டைத் திறக்கக்கூடாது.