அல்ஜினேற் அச்சு: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் பல் லாப்பில் வேலை செய்கிறேன். அல்ஜினேற் என்பது தண்ணீரில் கலக்கி, ட்ரேயில் போட்டு வாயில் வைத்துப் பல்லின் அச்சு எடுக்கும் பவுடர்; அந்த அச்சில் பிளாஸ்ரர் ஊற்றினால் பல்லின் மொடல் வரும். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

நெல்லியடி, கிளினிக் உதவியாளர்: அண்ணை, மத்தியானத்தில் கலக்கி முடிய முதலே இறுகுது. பவுடர் பழசோ?

பவுடரைக் குறை சொல்ல முதல் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கோ, தங்கச்சி. கூரைத் தாங்கியில் வெயில் குடித்த தண்ணீர் என்றால் அல்ஜினேற் ஓட்டமாய் இறுகும். 20 பாகையை ஒட்டி இருக்கட்டும்; ஒரு போத்தலைப் பிரிஜ்ஜில் வைத்துச் சமாளிக்கலாம். இன்னொன்று, எங்கட கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. அல்ஜினேற்றை இறுக்குவதே கல்சியம்தான். காய்ச்சி வடித்த நீர் பாவித்தால் அந்தத் தொல்லை இல்லை. நேரம் பிடிக்கவென்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், அச்சு கிழியும்.

கொக்குவில், மாணவர்: மொடலில் சின்னச் சின்ன உருண்டைகள் வருதே?

அச்சில் இருந்த காற்றுக்குமிழிக்குள் பிளாஸ்ரர் போய் நிரம்பியிருக்கு. மொடலில் குழி விழுந்தால் அது பிளாஸ்ரரில் இருந்த குமிழி. முட்டை அடிப்பதுபோல் அடிக்காமல், கிண்ணத்தின் சுவரோடு சேர்த்து அழுத்தி ஒரு நிமிடமளவில் கலக்குங்கோ. ட்ரேயை வைக்க முதல் கடிக்கும் பரப்பில் விரலால் கொஞ்சம் பூசிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாவகச்சேரி, பல் வைத்தியர்: பின்னேரம் எடுத்த அச்சை ஈரத்துணியில் சுற்றி அடுத்தநாள் காலை பஸ்ஸில் அனுப்புகிறோம். போதாதா?

போதாது, டொக்டர். ஈரத்துணி காய்வதைத் தடுக்கும், அவ்வளவுதான். அல்ஜினேற் தன் தண்ணீரைத் தானே கக்கிச் சுருங்கும். பார்சலைப் பிரித்தால் மேலே துளித்துளியாய் நிற்கும், ஓரம் ட்ரேயை விட்டுக் கிளம்பியிருக்கும். அப்படி வந்த அச்சில் செய்த பொய்ப்பல் பிளேற் வாயில் இருக்காது. பிறகு பழி லாப்புக்கு! தண்ணீருக்குள் போட்டு வைத்தால் ஊதும், அதுவும் பிழை. எச்சிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, திரும்பக் கழுவி உதறி, 10–15 நிமிடத்துக்குள் அங்கேயே பிளாஸ்ரர் ஊற்றுங்கள். ஒரு மணித்தியாலத்தில் கழற்றி மொடலை அனுப்பினால் போதும். இரவு முழுக்க அச்சோடு விட்டால் பிளாஸ்ரரின் மேல்பரப்பு மாவாய் உதிரும். நாள்கணக்கில் தாங்கும் அல்ஜினேற்றும் இருக்கு. பெட்டியில் போட்ட கெடுவைப் பாருங்கள்.

அச்சுவேலி, ஒரு அம்மா: பல் அளவு எடுக்கேக்க சத்தி வருது. கெதியாய் எடுக்கச் சொல்லலாமோ?

வேண்டாம், அம்மா. இறுகினாப் பிறகும் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால்தான் பலம் வரும். தலையை முன்னுக்குக் குனிந்து மூக்கால் மூச்சு விடுங்கோ. எடுக்கும்போது வைத்தியர் வெடுக்கென்று ஒரே இழுவையில் எடுப்பார், பயப்படாதீர்கள். ஆட்டி ஆட்டி எடுத்தால் அச்சு நெளிந்துவிடும்.