பவுடர் டப்பாவும் நாலு டீயும்
வாசகர் கேள்விகளுக்கு உணவு ஆலோசகர் பதில்

பழனி மலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துவைத்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு டப்பா, கேப்சூல், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வைத்தியம் எட்டிப் பார்க்கிறது.

கேள்வி: வயது 41, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பவுடரைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்தது. நிறுத்தியதும் அப்படியே ஏறிவிட்டது. மறுபடியும் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். நானோ தினமும் காபித் தோட்டத்துக்கு மேடேறி இறங்குகிறவள். நாலு வேளை டீ குடிப்பேன், மற்றபடி தீனி கிடையாது. ஏன் உடம்பு குறையவில்லை? (வாசகி, பண்ணைக்காடு)

பதில்: டப்பா வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்துவிடுங்கள், மிச்சமும் இருக்கும்.

5 கிலோ குறைந்தது பொய்யில்லை. ஆனால் அதைக் குறைத்தது பவுடருக்குள் இருக்கும் எந்த ரகசியமும் அல்ல. நாலு இட்லி, சட்னி, ஒரு வடை என்று 400 கலோரி போய்க்கொண்டிருந்த இடத்தில் 200 கலோரி போனது, அவ்வளவுதான், இரவும் அதே கணக்கு. அதிலும் முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர், உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது அதோடு பிடித்துவைத்த நீரும் வெளியேறும், தராசு முள் இறங்கியதைப் பார்த்து நாமும் சந்தோஷப்படுவோம். பவுடரை நிறுத்திப் பழைய சாப்பாட்டுக்கு வந்ததும் பழைய எடையும் வந்தது. இதில் உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயுள் முழுக்க யாரால் பவுடர் குடித்துக்கொண்டிருக்க முடியும்?

இப்போது மேடேறுவதற்கு வருவோம். 74 கிலோ உடம்பைச் செங்குத்தாக 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக உங்களுக்குச் செலவாவது ஏறக்குறைய 75 கலோரி. இறங்கும்போது அதைவிட நன்றாகவே குறைவு. மூச்சு வாங்குவதைப் பார்த்தால் ஐந்நூறு போயிருக்கும் போலத்தான் தோன்றும்! இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் கெட்டிப் பாலும் போட்ட ஒரு டீயில் இருப்பதும் கிட்டத்தட்ட 80 கலோரி. தீனி கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த நாலு டீயில் சர்க்கரை மட்டும் 40 கிராம், அதாவது 160 கலோரி. நாட்டுச்சர்க்கரைக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதற்காக ஏறுவதை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் அதைவிட நல்லது கிடையாது, எடை மட்டும் தட்டில்தான் குறையும். டீயை இரண்டாக்கி, அதிலும் சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டுவாருங்கள், ஒரே நாளில் வேண்டாம், பதினைந்து நாளில் நாக்கு பழகிவிடும். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பீன்ஸ் பொரியலோ சௌசௌ கூட்டோ வையுங்கள், உங்கள் சந்தையில் கிடைக்காத காய்கறியா? காலையில் முட்டையோ சுண்டலோ இருக்கட்டும், மதியம் வரை பசி தாங்கும். உங்கள் உயரத்துக்கு உடல் நிறைக் குறியீடு 29-க்கு மேல் வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே எடை கூடுதல், 25-க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு, அதனால் குறைக்கத்தான் வேண்டும். ஆறு மாதத்தில் 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை ஒரு டேப் வைத்து இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

கேள்வி: மலைப்பூண்டைத் தேனில் ஊறவைத்து வெறும் வயிற்றில் சாப்பிட்டால் தொப்பை கரையும் என்கிறார்களே? (வாசகர், பூம்பாறை)

பதில்: உங்கள் ஊர்ப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்தக் காரத்துக்கும் மணத்துக்கும் குழம்பில் போட்டால் பெருமைதான். தொப்பையைக் கரைக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். கூடவே போகிற ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 60 கலோரி இருக்கிறது என்பதை அந்த வீடியோவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் பச்சைப் பூண்டை நிறையச் சாப்பிடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவிவிடவும் கூடாது.

கேள்வி: வீட்டு வாசலிலேயே பட்டர் ஃப்ரூட் மரம். கொழுப்பு என்று பயந்து எல்லாவற்றையும் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். சரியா? (வாசகி, தாண்டிக்குடி)

பதில்: பாதியையாவது வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செடி கொடியில் விளைவது எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, இதிலிருக்கும் கொழுப்பும் பெரும்பாலும் நல்ல வகை. 100 கிராமில் 160 கலோரி இருப்பதால் ஒரு வேளைக்கு அரைப் பழம் போதும். சீனியும் ஐஸ்கிரீமும் போட்டு அடிக்கும் ஜூஸ் வேறு கதை, அதற்குப் பழத்தின் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், 60 கிலோ. ஜிம்முக்குப் போகிறேன். நாளுக்கு மூன்று ஸ்கூப் வே புரோட்டீன் எடுக்கலாமா? நண்பன் ஒரு ஃபேட் பர்னர் கேப்சூலும் ஆன்லைனில் வாங்கித் தந்திருக்கிறான். (வாசகர், கொடைக்கானல்)

பதில்: தம்பி, முதலில் அந்த கேப்சூலைத் தூக்கிப் போடுங்கள். இந்த வகைச் சரக்கில் லேபிளில் எழுதாத மருந்து கலந்திருப்பது உலகம் முழுக்கப் பல தடவை பிடிபட்டிருக்கிறது. அப்படி அடிக்கடி சிக்குவது சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்டது. 'இயற்கை மூலிகை' என்று போட்டிருப்பதும் காப்பாற்றாது, கிரீன் டீ சாறை அடர்த்தியாக்கி அடைத்த மாத்திரைகளாலேயே கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு. டம்ளரில் குடிக்கும் கிரீன் டீயைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வே புரோட்டீன் அந்த ரகம் அல்ல, அது பாலிலிருந்து எடுப்பதுதான். சாதாரணமாக ஒரு ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும், உங்களுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர் என்பதால் 75 முதல் 95 கிராம் வரை போகலாம். இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் சோயா உருண்டையில் 25-க்கு மேல், ஒரு டம்ளர் பாலில் 6, இதோடு பருப்பும் சிக்கனும் சேர்ந்தால் முக்கால்வாசி வந்துவிட்டது. ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் ஒரு ஸ்கூப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று வீண் செலவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்த ஒன்றும் வேண்டாம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள், பில்லோடு வாங்குங்கள். அந்த எண் தயாரிப்பாளருக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் சொல்லும், தசை வளரும் என்று சொல்லாது.

கேள்வி: தைராய்டு மாத்திரை, கால்சியம், முடிக்கு பயோட்டின் மூன்றையும் காலையில் காபியோடு போட்டுவிடுகிறேன். வைட்டமின் டி பாக்கெட்டும் உண்டு. ஆனாலும் எடை இறங்கவில்லை, அசதியும் போகவில்லை. (வாசகி, பெருமாள்மலை)

பதில்: மாத்திரைகளை ஒரே வாயில் போடுவதுதான் இங்கே சிக்கல். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போடுங்கள், காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியமும் இரும்புச்சத்தும் அதை உடம்பில் சேரவிடாது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

பயோட்டின் இன்னொரு வேலை செய்யும், ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றும். சில லேப் முறைகளில், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். அளவை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். டி.எஸ்.எச். குறைந்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அதை நம்பி உங்கள் டோஸைக் குறைத்துவிட்டால் அசதி எப்படிப் போகும்? சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவந்ததை டாக்டரிடமும் சொல்லுங்கள். வைட்டமின் டி பாக்கெட்டில் 60,000 யூனிட் என்று இருந்தால் அது பெரும்பாலும் வாரம் ஒரு முறை போடுவதற்கு, சீட்டில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தினமும் போட்டுக் கால்சியம் எகிறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையுமா? (வாசகர், வில்பட்டி)

பதில்: இரண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். சப்பாத்தியில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், எண்ணிச் சாப்பிடவும் வசதி. ஐந்து சப்பாத்தியும் தேங்காய்க் குருமாவுமாக முடிக்கிறவர் சோற்றுக்கே திரும்பிவிடலாம்.