குழந்தையின் மூளைத்தண்டில் கட்டி: ஆபரேஷன் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒரு மாதத்துக்கு முன்பு அவளுடைய இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இரண்டே வாரத்தில் நடை தள்ளாடியது, சிரித்தால் வாய் கோணியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளைத்தண்டில், பான்ஸ் முழுக்கப் பரவிய கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடியாது, உடனே ரேடியேஷன் தொடங்க வேண்டும் என்கிறார்கள். வேறு பெரிய டாக்டரிடம் போனால் எடுத்துவிடுவார் என்கிறார்கள் உறவினர்கள். போன வருடம் கட்டிலில் இருந்து விழுந்தாள். அதனால் வந்திருக்குமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: விழுந்ததால் இது வரவில்லை அம்மா. நீங்கள் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் வரவில்லை. கண் ஒதுங்கிய அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தாலும் இந்த வகைக் கட்டியில் சிகிச்சை இதேதான், பலனும் இதேதான். உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்வதை இன்றோடு நிறுத்துங்கள். இனி செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

மூளைத்தண்டு என்பது மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதி. மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது, கண்ணசைவு, முகத்தசை, கைகால்களுக்குப் போகும் கட்டளை எல்லாம் கட்டைவிரல் அளவே உள்ள அந்த இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு பான்ஸிலிருந்துதான் கிளம்புகிறது. அது பலவீனமானால் கண் உள்பக்கம் ஒதுங்கும். முகத்துக்கான ஏழாவது நரம்பும் அங்கேதான். சிறுமூளைக்குப் போகும் இழைகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. உங்கள் மகளுக்கு வந்த மூன்று அறிகுறிகளுக்கும் இதுவே காரணம்.

சரி, ஏன் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள்? குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் கட்டிகளில் நான்கில் மூன்று பங்கு, பான்ஸுக்குள் பரவி வளரும் இந்த வகைதான். இதற்கு விளிம்பு கிடையாது. துணியில் ஊறிய மை மாதிரி நல்ல நரம்பிழைகளுக்கு நடுவே கலந்து நிற்கிறது. பிரித்தெடுக்கப் போனால் மூச்சும் விழுங்குதலும் கையோடு போய்விடும். எந்த நாட்டில், எவ்வளவு கைதேர்ந்த நிபுணரிடம் போனாலும் இதுதான் நிலை. உங்கள் மருத்துவர்கள் கைவிரிக்கவில்லை, குழந்தையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

உறவினர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. மூளைத்தண்டுக் கட்டி எல்லாமே ஒன்றல்ல. தண்டின் பின்பக்கமாக வெளியே துருத்தி வளர்வது, முகுளமும் கழுத்துத் தண்டுவடமும் சேரும் இடத்தில் வருவது ஆகியவை பெரும்பாலும் மெதுவாக வளரும் ரகம். அவற்றை ஆபரேஷனில் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ எடுக்கலாம். அந்தக் குழந்தைகள் பல வருடங்கள் நன்றாக இருக்கிறார்கள். நடுமூளையின் பின்புறம் வருவதில் மூளைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். நீர் வெளியேற எண்டோஸ்கோப்பி மூலம் ஒரு வழி செய்துவிட்டு, கட்டியைத் தொடாமலே ஸ்கேனில் கண்காணித்து வருவார்கள். உடம்பில் இளம்பழுப்புத் திட்டுகள் வரும் என்.எஃப்.1 என்ற மரபுக் கோளாறு உள்ள குழந்தைகளின் கட்டி பல சமயம் சிகிச்சையே இல்லாமல் அடங்கிக் கிடக்கும். மெதுவாக வளரும் கட்டிகளில் பி.ராஃப் என்ற மரபணு மாற்றம் இருந்தால் அதைக் குறிவைக்கும் மாத்திரைகளும் இப்போது உண்டு. உறவினர்கள் கேள்விப்பட்ட குழந்தை இவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அதனால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள், தப்பே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். எம்.ஆர்.ஐ. படங்களைச் சிடியில் வாங்கி, குழந்தைகளின் மூளைக் கட்டியை அடிக்கடி பார்க்கும் ஒரு மையத்துக்கு அனுப்பினால் போதும். அச்சிட்ட அறிக்கை மட்டும் பத்தாது, படங்கள் வேண்டும். 'கட்டி பான்ஸில் பாதிக்கு மேல் பிடித்திருக்கிறதா, முன்னால் ஓடும் பேசிலர் ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருக்கிறதா' என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், அறிகுறிகள் வந்த வேகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது சந்தேகத்துக்கு இடம் குறைவு. இதற்காக ரேடியேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து பயாப்ஸி பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஸ்கேனே போதும், ஊசி வைத்துக் குத்த வேண்டாம் என்றிருந்தார்கள். இப்போது அனுபவமுள்ள மையங்களில் கணினி வழிகாட்டுதலோடு மெல்லிய ஊசியால் துளி திசு எடுக்கிறார்கள், ஆபத்து குறைவு. 2012-ல்தான் இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் இருப்பது தெரியவந்தது. 2021-ம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் இந்த மாற்றம் உள்ள கட்டி நான்காம் நிலை, அதாவது மிகத் தீவிரமானது. திசு முடிவு தெரிந்தால்தான் சில மருந்து ஆய்வுகளில் சேரவே முடியும். உங்கள் ஊர் மையத்தில் இதைச் செய்து பழகியவர்கள் இருந்தால் செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். பழக்கமில்லாத இடத்தில் வேண்டாம்.

ரேடியேஷன்தான் இன்றைக்கும் முதன்மை சிகிச்சை. வழக்கமாக 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை 30 தவணைகளாக, வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் கொடுப்பார்கள். எகிப்தில் நடந்த ஆய்வுகளில் 39 கிரேயை 13 தவணைகளில் கொடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. தினமும் வந்துபோவது கஷ்டமென்றால் இதைப் பற்றிக் கேட்கலாம். முதல் நாள் சிகிச்சை இருக்காது, முகமூடி செய்வார்கள். வெந்நீரில் நனைத்து இளக்கிய பிளாஸ்டிக் வலையை வெதுவெதுப்பாக முகத்தின் மேல் இழுத்துப் படிய வைப்பார்கள். சில நிமிடத்தில் இறுகி முகத்தின் அச்சாகவே ஆகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பொருத்திவிட்டால் தலை அசையாது. கதிர் பாய்வது சில நிமிடம்தான், வலிக்காது. ஆனால் அந்த அறையில் அவள் தனியாக இருப்பாள். ஆறு வயதில் சில குழந்தைகள் தாங்களாகவே அசையாமல் படுத்துவிடுவார்கள், சிலருக்குத் தினமும் மயக்க மருந்து தேவைப்படும். முகமூடியை முன்கூட்டியே கையில் கொடுத்து விளையாடவிடச் சொல்லிக் கேளுங்கள். மைக்கில் உங்கள் குரலில் கதை சொல்ல அனுமதிப்பார்களா என்றும் விசாரியுங்கள்.

பத்தில் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ரேடியேஷனுக்குப் பிறகு நடை, கண், பேச்சு எல்லாம் தேறுகிறது. நீங்கள் கேட்காமல் விட்டதையும் நான் சொல்லியாக வேண்டும். இந்தத் தேறுதல் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். கட்டி மீண்டும் வளர்கிறது. கண்டுபிடித்ததிலிருந்து சராசரியாக ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்தான் வாழ்நாள். இரண்டு வருடத்தைத் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒருவர். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் தெரிந்திருந்தால்தான் அந்த நல்ல மாதங்களை ஆஸ்பத்திரி வாசலில் கழிக்காமல் அவளோடு கழிக்க முடியும். மீண்டும் வளரும்போது குறைந்த அளவில் இரண்டாம் முறை ரேடியேஷன் கொடுத்தால் இன்னும் சில மாதம் நன்றாக இருக்கிற குழந்தைகளும் உண்டு.

கீமோதெரபி இந்தக் கட்டியில் ஆயுளைக் கூட்டியதாக நிரூபணமாகவில்லை. ரேடியேஷனோடு டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் பலன் இல்லை. புதிதாக வந்த டோர்டாவிப்ரோன் மாத்திரைக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு அனுமதி தந்தது. எச்3 கே27எம் மாற்றம் உள்ள கட்டி, சிகிச்சைக்குப் பிறகும் வளர்ந்தால் அப்போது தருவது. அந்த அனுமதிக்கு ஆதாரமான 50 பேரில் 22 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. பான்ஸுக்குள் பரவும் வகை உள்ளவர்கள் அந்த 50 பேரில் சேர்க்கப்படவில்லை என்பதை விளம்பரச் செய்திகள் சொல்வதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்-டி செல் சிகிச்சை, அதாவது நோயாளியின் நோய் எதிர்ப்பு செல்களையே எடுத்து, கட்டியைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை பெற்ற 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது, அந்த நால்வரில் ஒருவருக்கு ஸ்கேனில் மறைந்தே போனது. 2024-ல் வெளியான அந்த முடிவு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய நம்பிக்கை. ஆனால் அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. முறையான ஆய்வில் சேர வழியிருந்தால் உங்கள் மருத்துவரே சொல்வார். லட்சக்கணக்கில் பணம் கட்டச் சொல்லி 'குணமாக்குகிறோம்' என்று யார் வந்தாலும், வீட்டை அடகு வைக்கும் முன் அந்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் வீக்கத்தைக் குறைத்து இரண்டே நாளில் குழந்தையைத் தேற்றிவிடும். கூடவே ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிச் சாப்பாடு கேட்கிற பசி, உப்பிய முகம், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அவள் அடம்பிடிக்கவில்லை, மருந்து செய்கிற வேலை அது. தேவையான மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. ரேடியேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் ஸ்கேன் மோசமாகத் தெரிந்தால் அது வீக்கமாகவும் இருக்கலாம், உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். காலையில் தொடர்ந்து வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், தண்ணீர் குடித்தால் புரையேறுவது ஆகியவற்றைக் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆதரவு சிகிச்சைக் குழுவை இப்போதே பாருங்கள். கடைசியில் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள் என்று நினைக்க வேண்டாம். இரட்டையாகத் தெரிந்தால் கண்ணை எப்படி மாற்றி மாற்றி மறைப்பது, மூடாத கண்ணுக்கு என்ன சொட்டு, எந்தப் பதத்தில் கொடுத்தால் விழுங்குவாள் என்று அன்றாடக் கஷ்டங்களைத் தீர்ப்பது அவர்கள்தான்.

அவள் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். 'உன் தலைக்குள் ஒரு கட்டி வந்திருக்கிறது, அதனால்தான் கண் இப்படி இருக்கிறது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. வலித்தால் உடனே சொல்' என்கிற அளவு ஆறு வயதுக்குப் போதும். உடம்பு ஒத்துழைக்கும் நாட்களில் பள்ளிக்கும் அனுப்புங்கள். பயாப்ஸி எடுத்தால் அந்த அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதில் இருப்பதை வரிக்கு வரி விளக்குகிறேன்.